சுபாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள சுபா,

வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். அதனால் மெயிலில் நீளமாகவே எழுதுகிறேன். ஓய்வாக இருக்கும்போது படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள்.

கனடாவில் நீ விமானம் ஓட்டப் படிக்கிற வின்னிபெக்கில் மைனஸ் 30 என்று போனில் காட்டுகிறது. உங்கள் ஊர் ஏர்போர்ட்டின் வானிலை அறிக்கையான மெட்டாரையும் தினமும் பார்க்கிறேன், வேலைப் பழக்கம் விடவில்லை. அந்தக் குளிரில் உயரம் காட்டுகிற ஆல்டிமீட்டர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன். அந்த டயலுக்குப் பின்னால் இருப்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட மெல்லிய உலோகச் சிமிழ்கள். வெளியே அழுத்தம் குறைந்தால் அவை உப்பும். அந்த உப்பலைச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டுபோகும். அதற்கு உயரம் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும். குளிர்ந்த காற்று நெருங்கிக் கிடப்பதால் கொஞ்சம் ஏறியதுமே அழுத்தம் மளமளவென்று குறைந்துவிடும். ஓடுபாதைக்கு மேலே 1,000 அடி என்று முள் காட்டும்போது, மைனஸ் 30இல் நீ 850 அடிகூட இருக்க மாட்டாய். குளிருக்கான திருத்த அட்டவணையைப் பார்க்காமல் இறங்காதே.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. மீனம்பாக்கம் வானிலை ஆபீஸில் காற்றழுத்தம் அளக்கிற பாதரச பாரோமீட்டர் முன்னால் நின்றவள் நான். முதலில் அதோடு ஒட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் படித்துவிட வேண்டும், இல்லையென்றால் நம் உடம்புச் சூட்டிலேயே அது ஏறிவிடும். பிறகு குழாயை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். பாதரசத்தின் வளைந்த உச்சியை வெர்னியர் என்ற நகரும் அளவுகோலின் கீழ்விளிம்பு தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். திருத்தமெல்லாம் போட்டு நாங்கள் கொடுக்கிற எண் டவருக்குப் போகும். பைலட் ஆல்டிமீட்டரின் குமிழைத் திருகி அந்தச் சின்ன ஜன்னலில் வைப்பது அந்த எண்ணைத்தான். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 30 அடி பிசகும். 2016இல் வர்தா புயல் வந்து ஏர்போர்ட்டையே மூடியிருந்த நாளிலும் அழுத்தம் எழுதுவதை எங்கள் ஆபீஸ் நிறுத்தவில்லை. என் மகள் இப்போது அந்தக் குமிழைத் திருகுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பால்காரர்வரை சொல்லியிருக்கிறேன். நீயோ அப்பாவிடம் அரை மணி நேரம் கிரிக்கெட் பேசுகிறாய், எனக்கு ஒரு வரி.

அண்ணன் ஏதோ தேதி தள்ளிப்போனதாகச் சொன்னான். நான் அவனிடம் மேலே எதுவும் கேட்கவில்லை.

பிட்டோ குழாயைச் சூடாக்குகிற பிட்டோ ஹீட்டைப் போட மறக்காதே. எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்குகிற அந்தக் குழாயும், பக்கவாட்டில் அசையாத காற்றின் அழுத்தத்தை எடுக்கிற துளையும் சேர்ந்துதான் வேகத்தைச் சொல்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வேகம், அவ்வளவுதான். குழாயைப் பனி அடைத்தால் கணக்கே போச்சு. 2009 ஜூன் 1இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது அப்படி ஆரம்பித்துத்தான். ஒரு நிமிடத்துக்குள் வேகம் மறுபடி சரியாகவே காட்டத் தொடங்கியது. அதற்குள் ஆட்டோபைலட் விலகி, கையில் எடுத்தவர் மூக்கை மேலே தூக்கிவிட்டார். 228 பேர். குழாய் அடைபட்டதைவிட, அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதை அறுக்கிறது. மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சக்தியில் ஓடுகிறது, இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பொறுத்திருந்தால் விமானம் பாட்டுக்குப் பறந்திருக்கும்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1978 ஜனவரி 1, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா ஜம்போ. நான் ஆபீஸில் சேர்ந்த புதிதிலும் சீனியர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். இரவு, கீழே கடல், வெளியே கண்ணுக்கு அடிவானமே கிடையாது. கேப்டன் முன்னால் இருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டுகிற செயற்கை அடிவானம் என்ற டயல் வலப்பக்கச் சாய்விலேயே நின்றுவிட்டது. அவர் அதை நம்பி இடது பக்கம் திருப்பினார், திருப்பிக்கொண்டே போனார். கோ-பைலட் பக்கத்து டயலும் நடுவில் இருந்த சின்ன உபரி டயலும் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தன. 213 பேரோடு பாந்த்ரா பக்கம் கடலில் போய் விழுந்தது.

அதனால்தான் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்காதே என்கிறேன். செயற்கை அடிவானத்தைப் பார், அங்கிருந்து ஆல்டிமீட்டருக்குப் போ, திரும்ப வா. கைரோ திசைகாட்டிக்குப் போ, திரும்ப வா. அடிவானம் சாய்ந்திருக்கிறதா? அப்படியானால் திசை எண்ணும் நகர வேண்டும், திருப்பத்தைக் காட்டுகிற டர்ன் கோஆர்டினேட்டரும் சாய வேண்டும். இரண்டும் அசையாமல் இருந்தால் பொய் சொல்வது அடிவானம்தான். சுழலும் சக்கரத்தால் வேலை செய்கிற கைரோ திசைகாட்டி மெல்ல விலகிக்கொண்டே போகும், கால் மணிக்கு ஒரு தடவை காந்த ஊசிக் காம்பஸோடு ஒப்பிட்டுச் சரிசெய். அதையும் நேராகப் பறக்கும்போதுதான் செய்ய வேண்டும். தாத்தா ஊர்ப்பக்கம் காந்த ஊசி ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு பக்கத்தில் போகிறது என்றுதானே தும்பாவில் ராக்கெட் தளமே வைத்தார்கள். உன் ஊரில் அது 70 டிகிரிக்கு மேல் தலைகுப்புறக் கவிழப் பார்க்கும், திரும்பும்போது தாறுமாறாகக் காட்டும்.

மேகத்துக்குள் உடம்பு சொல்வதைக் கேட்காதே. காதுக்குள் இருக்கும் திரவம் ஒரே சீரான திருப்பத்தில் 20 விநாடிபோல ஓடினால் அடங்கிவிடும், நேராகப் போவதாகவே தோன்றும். விமானத்தை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். எவ்வளவு அனுபவசாலிக்கும் இது வரும். அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, காது அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. இதை உனக்காகவே எழுதுகிறேன், புரிகிறதா?

தாறுமாறாக ஆடுகிற முள்ளைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். பக்கவாட்டுத் துளை அடைபட்டால் அப்படி ஆடாது. விமானம் இறங்கிக்கொண்டிருக்கும், ஆல்டிமீட்டர் பழைய உயரத்திலேயே நிற்கும், ஏற்ற இறக்கம் காட்டுகிற முள் பூஜ்யத்தில் கிடக்கும். பார்க்க எல்லாம் அமைதியாக இருக்கும். தினமும் அதே "நல்லா இருக்கேம்மா" வரும்போது எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வருகிறது, சுபா.

சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது. டயல்களை மட்டும் பார்த்துப் பறந்து காட்டுகிற இன்ஸ்ட்ருமென்ட் டெஸ்ட்டை நீயாகவே தள்ளிப்போட்டாய் என்று எனக்குத் தெரியும். மேகத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் குரலே மாறியது. என்ன என்று இப்போது கேட்கவில்லை. ஆனால் பம்மல் மனை விற்ற பணத்தை நினைத்துக்கொண்டு ஒருநாளும் மேலே ஏறாதே. மனை போனால் போகிறது. அப்பாவும் அதையேதான் சொல்கிறார், உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உன் பயிற்சியாளரிடம் நடந்ததை நடந்தபடி சொல். அவரோடு இன்னும் சில தடவை, வெளியே தெரியாமல் கண்ணை மறைக்கிற ஹூட் போட்டுக்கொண்டு பற. அடிவானத்தையும் திசைகாட்டியையும் மூடிவைத்துவிட்டு மீதி முட்களை வைத்தே பறக்க, வேண்டுமென்றே கேள். தேறிவிட்டது என்று உனக்கே தோன்றிய பிறகு தேதி வாங்கு. தோன்றவே இல்லையென்றால் டிக்கெட் போட்டு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

அட்டவணை, பிட்டோ ஹீட் இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை இங்கே ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், எடு. டெஸ்ட் தேதியை என்னிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முடித்துவிட்டுச் சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா