கண்ணளவு

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் பேசும்போது புளிக்குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டாய். அம்மா "நெல்லிக்காய் அளவு" என்றாள். "எந்த நெல்லிக்காய்ம்மா, பெருசா சிறுசா?" என்று நீ திரும்பக் கேட்க, "கண்ணளவுதான்டி, இதையெல்லாம் எப்படிச் சொல்றது" என்று சொல்லிவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. நீ கேட்டதற்கான பதில் ஒரு வருஷமாக என் போனில் கிடக்கிறது, இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன பங்குனியில் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நீ டிக்கெட் போடுகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன். முதல் நாலு நாள் பார்சல் சாப்பாடு. ஐந்தாவது நாள் அம்மா, "வயிறெல்லாம் எரியுதுங்க, ஒரு கத்தரிக்காய் புளிக்குழம்பு வைங்க, நான் இங்கிட்டு இருந்தே சொல்றேன்" என்றாள். நம் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். அவள் கட்டில் முன்னறையில், அடுப்படி கடைசியில். வெங்காயம் வதங்கிருச்சா என்று அங்கிருந்து குரல் கொடுக்கிறாள். வதங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, போனில் சட்டியைப் படமெடுத்து, முன்னறைக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

அதுதான் முதல் படம். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம், கண்ணாடி மாதிரி ஆகணும்" என்றாள். அந்த ஒரு குழம்புக்கு எட்டுத் தடவை நடந்தேன். கடைசியில் எண்ணெய் பிரிந்ததா என்று காட்ட ஒரு படத்தோடு போனபோது அவள் சொன்ன வார்த்தை மனதில் அப்படியே நிற்கிறது. "நடுவுல எடுக்காதீங்க, ஓரத்தை எடுங்க. எண்ணெய் ஓரத்துலதான் முதல்ல பிரியும்."

பாப்பா, முப்பத்தெட்டு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். மதுரை மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்துத் தூணடியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதல் நாள் சொன்ன பாடமும் ஓரத்தைப் பற்றித்தான். துணியை விரித்ததும் கரையைப் பார், இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கரைதான் சொல்லும், அதைப் பார்க்காமல் வெட்டினால் சட்டை ஒரு துவைப்பிலேயே முறுக்கிக்கொள்ளும் என்பார். ஆள் நடந்து வரும்போதே எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடும் கண் எனக்கு உண்டு. அதே வீட்டில் இன்னொருத்தியும் அந்த மாதிரி ஒரு கண்ணோடு இத்தனை வருஷமாகத் தினம் மூன்று வேளை வேலை செய்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவள் ஒரு குழம்புக்குள் எத்தனை முடிவு எடுக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். தீ எவ்வளவு, கடுகு எப்போது, வெந்தயம் சிவக்கிறதா கருகுகிறதா, புளித்தண்ணீரின் பச்சை வாசனை போனதா, மூடுவதா திறந்து வைப்பதா. இதில் எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் சமைத்தேன், தினமும் எடுத்தேன். கையில் பிசுபிசுப்போடு போனைத் தொட்டுவிட்டு, படத்தில் ஏன் எல்லாம் புகை மூட்டமாக வருகிறது என்று ஒரு வாரம் குழம்பினேன், லென்ஸில் எண்ணெய் படிந்திருந்தது. அதற்கப்புறம் வேட்டி நுனியில் துடைக்காமல் படமெடுப்பதில்லை. அப்புறம் சோறு. வெள்ளை வெளேரென்று வடித்த சோறு படத்தில் சாம்பல் பூத்த மாதிரி வரும். கண்புரை எடுத்த பிறகு எனக்கு வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது, அதனால் இது ரொம்ப உறுத்தியது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்குமாம். அதனால் வெள்ளையை மங்கலாக்கிவிடும், கறுப்புக் கடாயை வெளுக்க வைத்துவிடும். திரையில் சோற்றைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். சட்டி கறுப்பாக இருந்தால் கீழே தள்ள வேண்டும். ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வரணும், பின்னணி இருட்டாக இருக்கணும். ஃபிளாஷ் மட்டும் போடவே கூடாது, குழம்பு தகரத் தகடு மாதிரி ஆகிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னொன்று சொல்லணும். நம் அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்தது. அதே இடத்தில், அதே காலை நேரத்தில் தினமும் எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் வெயில் நகர்வது தெரிகிறது. ஆனி ஆடியில் அது இடது பக்கமிருந்து வந்து கிரைண்டர் மேல் விழுகிறது. மார்கழியில் வலது பக்கமிருந்து வந்து இடது சுவர் ஓரத்து உப்பு ஜாடியைத் தொடுகிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று காலண்டரில் மட்டும் பார்த்திருக்கிறேன். அது நம் அடுப்படி மேடையில், கிரைண்டருக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் நடக்கிறது. நீ மார்கழியில் எடின்பரோவில் மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிட்டது என்று சொன்ன அன்றைக்கு எனக்கு அந்த உப்பு ஜாடிதான் ஞாபகம் வந்தது. உனக்கு அங்கே பகல் சுருங்குவதும் இங்கே வெயில் ஜாடிவரை நகர்வதும் ஒரே காரணத்தால்தான்.

காய்க்கு உழவர் சந்தை. பாலம் தாண்டி அண்ணா நகர் போவேன். நீ பிறந்த 1999-ல்தான் தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தையாக அது திறந்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா அங்கே போவாள், நான் கடையில் இருப்பேன். இந்த வருஷம்தான் நான் அங்கே முழுசாக நின்று பார்த்தேன். மார்கழியில் அவரைக்காயும் மொச்சையும், தையில் பனங்கிழங்கும், பங்குனி வெயில் ஏற ஏற கொத்தவரங்காய் வத்தலுக்கு ஆகும் மாதிரி மலிவதும். காய் நறுக்குவதற்கு முன்னால் ஒரு படம், நறுக்கிய பிறகு ஒரு படம். கத்தரிக்காயில் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வாள் அம்மா. அந்தக் காம்புப் படம் மட்டுமே நாற்பதுக்கு மேல் இருக்கிறது.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அம்மாவால் வர முடியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து தவறவிட்டதில்லை அவள். என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்று படம் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். நான் விடிகாலையிலிருந்து நின்றேன். கூட்டத்தில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுத்ததில் ஜனங்களின் தலையும் தூக்கிய கைகளும் சர்க்கரைச் செம்புகளும்தான் விழுந்தன. அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டில் பானகம் கரைத்தேன்.

ஆனி முடிவில் அவள் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கினாள். இனிமேல் படம் எதுக்கு, நானே வந்து பார்த்துக்கிறேன் என்றாள். நியாயந்தான். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அந்த மூன்று மாதத்தில் நம் பழைய ஆல்பம் எல்லாவற்றையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தேன். உன் காதுகுத்து, புது வீடு, ஒவ்வொரு பொங்கல். இலை நிறையச் சோறும் வடையும் பாயசமும் தெரிகிற படம் எத்தனையோ இருக்கிறது. சமைத்தவள் அதில் எங்கேயும் இல்லை, அவள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்திருக்கிறாள். ஒரே ஒரு படத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரிகிறது.

ஆவணி மூலத்தன்று புட்டு அவித்தோம். வைகைக்கரைப் புட்டுத்தோப்பில் திருவிழா நடக்கும் நாள், உனக்கு வந்தி பாட்டி கதை சொல்லியிருக்கிறேன், உதிர்ந்த புட்டை மட்டும் கூலியாகத் தா என்று சொக்கநாதர் மண் சுமக்க வந்த கதை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து மாவில் தண்ணீர் தெளித்தாள். எவ்வளவு தண்ணீர் என்று நான் கேட்கவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைநிறைய மாவை எடுத்து இறுக்கிப் பிடித்தாள், விரல் தடத்தோடு கொழுக்கட்டை மாதிரி நின்றது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள், பொலபொலவென்று உதிர்ந்தது. பிடித்தால் பிடிபடணும், தொட்டால் உதிரணும், அம்புட்டுத்தான் என்றாள். அந்த இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. அவள் கை முழுசாக விழுந்த முதல் படங்கள் அவைதான். மோதிர விரலில் பழைய அரிவாள்மனைத் தழும்புகூடத் தெரிகிறது.

மாவு புளிப்பதையும் எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கு அது ரொம்ப உதவும். அதே பாத்திரம், நாலுக்கு ஒன்று அரிசியும் உளுந்தும், ஒரு ஸ்பூன் வெந்தயம். ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்து வைத்தால் சித்திரையில் ஒரு மணிக்கே விளிம்புக்கு வந்துவிடுகிறது. மார்கழியில் விடிந்து எட்டு மணி ஆனாலும் பாதிதான். உனக்கு அங்கே எப்போதும் மார்கழியை விட மோசம். அதனால் மணி பார்க்காதே, மாவின் மேலே பார். நடுவில் லேசாகக் குவிந்து, சின்னச் சின்னக் குமிழி, கரண்டி விட்டால் உள்ளே தேன்கூடு மாதிரி. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கிறேன் என்றாயே, அது நல்ல யோசனை, விடாதே.

உன் கரண்ட் அடுப்பு அணைத்த பிறகும் சூடாக இருக்கும் இல்லையா, அதனால் தாளிக்கும்போது வெந்தயம் சிவப்புக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே சட்டியை இறக்கி வை. நான் அனுப்பும் படத்தின் நிறம் வரும்வரை அடுப்பிலேயே விட்டால் உனக்குக் கசந்துவிடும்.

படம் எல்லாவற்றுக்கும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு அதிரசப் பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருளணும். அதற்கு முந்தின நொடியும் பிந்தின நொடியும் படத்தில் ஒன்று போலத்தான் இருக்கின்றன. நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு கிலோ வெல்லம் கல்லாகிவிட்டது. "இதுக்குக் கண்ணு பத்தாதுங்க, விரல் வேணும்" என்றாள் அம்மா. மறுபடி காய்ச்சி, என் விரலைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குள் விட்டாள்.

வருஷம் முடிந்து எண்ணிப் பார்த்தால் பதினோரு நாள் விட்டிருக்கிறேன். ஐந்து நாள் காய்ச்சல், மிச்சம் ஊருக்குப் போனது. தைப்பூசத்துக்குத் தெப்பக்குளத்தில் அம்மாவைக் கூட்டிப்போய்க் கரையில் உட்கார வைத்து, வடம் பிடிக்கிறவர்களுக்குப் பின்னால் தெப்பம் நகர்வதை எடுத்தேன். அது சமையல் படம் இல்லை, ஆனாலும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படங்களைத் தேதி வாரியாக அனுப்பவில்லை. பதம் வாரியாகப் பிரித்திருக்கிறேன். வெங்காயம் வதங்குவது ஒரு கட்டு, எண்ணெய் பிரிவது ஒரு கட்டு, தாளிப்பு, மாவு, புட்டு, கீரை மசியும் பதம் எல்லாம் தனித்தனி. புளியை நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்று அம்மாவின் உள்ளங்கையில் வைத்தே எடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்கும், அளவு தெரிவதற்கு. கடையில் இஞ்ச் டேப் பிடிக்கத் தெரியாத ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒரு அளவுச் சட்டையை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆள் வர வேண்டியதில்லை, அதை விரித்துப் போட்டு அப்படியே வெட்டிவிடுவோம். தோளில் பொருந்தாமல் போனால் திரும்ப வருவார்கள், பிரித்துத் தைத்துக் கொடுப்போம். இவை அம்மாவின் அளவுச் சட்டை. உன் சட்டியின் மேல் விரித்துப் பார்த்துக்கொள்.

அதிரசத்துக்கு ஒரு படமும் அனுப்பவில்லை. வர்ற தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று ஆபீஸில் இப்போதே கேட்டுவை.

ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பு வைக்கும்போது அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு, சட்டியின் ஓரம் தெரிகிற மாதிரி. உனக்குப் பகல் பன்னிரண்டு என்றால் எங்களுக்குச் சாயங்காலம், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பா