கீசர் வால்வை அடைத்துவிடாதீர்கள்: கன்னியாகுமரி லாட்ஜ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். கன்னியாகுமரியிலும் சுற்றுவட்டாரத்திலும் கீசர் பழுது பார்ப்பவன் நான். சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு லாட்ஜில், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டிங் காயில் மாற்றப் போயிருந்தேன். கீசருக்கு அடியில், பித்தளை சேஃப்டி வால்வின் பக்கவாட்டு ஓட்டையில் டெஃப்லான் டேப் சுற்றிய ஸ்குரூ ஒன்றை இறுக்கி வைத்திருந்தார்கள். "எப்பவும் சொட்டிக்கிட்டே கெடக்கு அண்ணே, தரை நனையுதுன்னு கெஸ்ட் சத்தம் போடுறாங்க" என்றார் ரூம் பாய். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த ஓட்டை எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

25 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடுதலாகப் பெருகும். இந்த வால்வு தண்ணீரை உள்ளே விடும், வந்த வழியே திரும்ப விடாது. பெருகிய தண்ணீர் எங்கே போகும்? மொட்டைமாடி டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் 1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). சூடாகும்போது அது ஏறிக்கொண்டே போய், 8 பார் அளவில் வால்வு திறந்து சொட்டும். காயில் ஓடும்போது மட்டும் சொட்டினால், வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அதை அடைத்துவிட்டால்? சூரிய உதயம் பார்க்க ஆட்கள் எழும் நான்கு மணிக்கு எல்லா அறையிலும் கீசர் ஓடும். ஒவ்வொரு முறையும் கீசருக்குள் இருக்கும் டேங்கின் வெல்டிங் அந்த அழுத்தத்தை வாங்கும். ஒருநாள், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அது தவறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் கைவிட்டால், தண்ணீர் கொதிக்காமலே 100 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நிலையில் டேங்க் பிளந்தால், தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியான தண்ணீர் ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். கீழே நின்று குளிப்பவரை நினைத்துப் பாருங்கள்.

சரி, சுவிட்சை அணைத்த பிறகும் இரவு முழுக்கச் சொட்டினால் அது பழுதுதான். பெரும்பாலும் வால்வுக்குள் மணலோ உப்புப் படிவோ சிக்கியிருக்கும். பிரஷர் பம்ப் வைத்திருந்தால், அதன் அழுத்தம் கூடுதலாக இருந்தும் சொட்டலாம்; அதையும் அளக்கச் சொல்லுங்கள். வால்வில் இல்லாமல் கீசரின் அடிமூடியில் துரு நிறத்தில் ஒழுகினால், அனேகமாக டேங்கே போயிருக்கும். கடலோர போர்வெல் தண்ணீரின் உப்பு, டேங்கைக் காக்கும் மெக்னீசியம் ராடைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. வருடம் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்து மாற்றினால் டேங்க் நிலைக்கும்.

சீசனுக்கு முன் அறை அறையாக ஒருவரை அனுப்புங்கள். அடைத்த வால்வு இருந்தால் கீசரை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்குரூவைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய வால்வையே ஓட்டாமல் புது வால்வே போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். தரை நனைவதுதான் கவலை என்றால், ஓட்டையில் ஒரு சிறிய டியூபை மாட்டி, கீழ்நோக்கித் தரைச் சல்லடை வரை கொண்டுபோங்கள். அதன் முனை திறந்தே இருக்கட்டும், நடுவில் திருகி மூடும் குழாய் எதுவும் வேண்டாம். வால்வில் லீவர் இருந்தால் மாதம் ஒருமுறை கீசரை அணைத்து, தண்ணீர் ஆறிய பின் அதைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வந்து, விட்டதும் நிற்க வேண்டும். அப்புறம், இதையெல்லாம் உங்கள் ரூம் பாய்களுக்கும் ஒருமுறை நேரில் காட்டிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் கீசர் மெக்கானிக்