செல்விக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு முதல் பிரசவம் சிசேரியன் அல்லவா? அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

போன மாதம் நம் கவிதா செத்துப் பிழைத்தாள். அப்போது அவளுக்கு 19 வாரம். செவ்வாய்க்கிழமை காலையில் வாந்தி. மசக்கை இன்னும் விடவில்லை என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மத்தியானம் வயிறு சுருட்டிப் பிடித்தது. விடும், மறுபடி பிடிக்கும். புளோக்குக்குக் கீழே கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி வாந்தி பச்சையாக வந்தது. வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது, காற்றுகூடப் பிரியவில்லை. ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் முதலில் கேட்டதே, "முன்னால் வயிற்றில் ஆப்பரேஷன் நடந்ததா?" என்றுதான். 12 வயதில் குடல்வால் எடுத்தோமே, ராத்திரியெல்லாம் நீதானே என்னோடு உட்கார்ந்திருந்தாய்! அந்த இடத்தில் குடல் ஒட்டி, உள்ளே நார் மாதிரி ஒன்று உண்டாகியிருக்கிறது. இத்தனை வருஷம் சும்மா கிடந்தது. கர்ப்பப்பை இடுப்பெலும்பைத் தாண்டி மேலே ஏறும் நாலைந்து மாதத்தில் குடலும் இடம் மாறுமாம். அப்போது நார் இழுத்து மடக்கிவிட்டது. குடல் அடைப்பு. எட்டாம் மாதம் தலை இறங்கும்போதும், பெற்றதும் கர்ப்பப்பை சட்டென்று சுருங்கும்போதும் இப்படி ஆகலாமாம். அபூர்வம்தான், ஆனால் வாந்தியும் வயிற்றுவலியும் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சகஜம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, கையில் டிரிப் ஏற்றி ஒரு நாள் பார்த்தார்கள். சிலருக்கு அதிலேயே சரியாகிவிடுமாம். கட்டில் ஓரத்துப் பையில் பச்சை நீர் நிறைந்துகொண்டே இருந்தது. குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று வியாழன் விடியற்காலை வயிற்றைத் திறந்து நாரை வெட்டினார்கள். குடல் அழுகவில்லை.

வார்டுக்கு வந்ததும் நர்ஸ் சின்னக் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். கரகரவென்று சத்தம், அப்புறம் தடதடவென்று இதயத் துடிப்பு. மாப்பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் "அம்மா, காற்றுப் பிரிந்தது" என்று கவிதா சொன்னாள். அதைவிட நல்ல சேதி நான் கேட்டதில்லை.

அந்த ஒரு பகலை வீணாக்கினது இன்னும் உறுத்துகிறது, செல்வி. சிசேரியனும் வயிற்று ஆப்பரேஷன்தான். மருமகளைப் பழைய சீட்டை டாக்டரிடம் காட்டச் சொல். வாந்தி பச்சையாக வந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ கைவைத்தியம் வேண்டாம். வாயு என்று திருப்பி அனுப்பினால், காற்றே பிரியவில்லை என்று நீயே எடுத்துச் சொல்.

கவிதாவுக்கு இப்போது 24 வாரம். நேற்று தேக்காவில் வளையல் பார்த்துவிட்டு வந்தேன். வளைகாப்புக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா?

உன்,
மீனா