அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்பு அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. சரவணம்பட்டி விஷயம் பெரியப்பா சொன்னபடியே முடிந்துவிட்டது, நீ அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் வேலை ஓடுகிறது.

உன் சித்தி மகன் போனில் ஒரு டிராக்டர் இழுவைப் போட்டி வீடியோ காட்டினான். வண்டி, எடை ஏற்றிய சறுக்குவண்டியை, அந்த ஸ்லெட்டை, இழுத்துக்கொண்டு பாதி தூரம் வருகிறது, முன்சக்கரம் ரெண்டும் குதிக்கிறது, ஒரு சத்தம், அப்புறம் ஒரே புழுதி. தடுப்போரமாக யாரோ ஓடுகிறார்கள். அதோடு நின்றுவிட்டது. சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட்டை நீ செய்து கொடுத்த வண்டிதான், நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அம்மாவிடம் காட்டவில்லை.

ஷாஃப்ட் என்றால் உடையத்தான் செய்யும் அம்மிணி. வண்டி போகப் போக ஸ்லெட்டில் இருக்கிற எடைப்பெட்டி முன்னால் நகர்ந்து பாரத்தை ஏற்றிக்கொண்டே வரும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதில் சக்கரம் துள்ளி, மறுபடி மண்ணைப் பிடிக்கிறபோது விழுகிற அடி எந்தக் கணக்குக்கும் அடங்காது.

ஷாஃப்ட் உடைந்த இடத்தின் முகப்பை நன்றாகப் பார்த்தாயா? குறுக்கே தட்டையாக அறுந்திருந்தால் பாரம் மிஞ்சிப் போயிருக்கிறது, உன் வேலையில் குறை இல்லை. 45 டிகிரியில் சுருளாகக் கிழிந்திருந்தால் ஹார்ட்னஸ் ஏறிப்போய் இரும்பு மொறமொறத்துவிட்டது, அதைச் சூடாக்கிப் பதப்படுத்திய ஹீட் ட்ரீட்மென்ட்காரர்களைக் கேள். ஒரு ஓரத்திலிருந்து அலை அலையாக வரி ஓடியிருந்தால் பழைய விரிசல். அப்படி இருந்தால் ஸ்ப்லைன், அதாவது ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டின பல்வரிசை, முடிகிற இடத்தைப் பார். அங்கே மூலையைக் கூராக விடாமல் வளைவாக, ரேடியஸ் தாராளமாக விட வேண்டும், டூல் மார்க் ஒன்றுகூடத் தெரியாமல் பாலிஷ் பண்ண வேண்டும். நம்ம இஎன் 24 எஃகிலேயே இது முக்கியம். நீ போடுகிற 300 எம் எஃகு அதைவிடக் கெட்டி, சின்னக் கீறலைக்கூடப் பொறுக்காது. இனி மாட்டுகிற ஷாஃப்ட்டில் நீளவாக்கில் நேராக ஒரு பெயிண்ட் கோடு போட்டுவை. கோடு முறுக்கிக்கொண்டால் அந்த ஷாஃப்ட்டைக் கழற்றிவிடு.

வண்டி கிளம்புகிறபோது ஷாஃப்ட்டுக்கு நேர் பக்கவாட்டில் நிற்காதே. ஷாஃப்ட்டை இணைக்கிற யூ ஜாயிண்ட்டைச் சுற்றிக் கவசம் இருக்கிறது என்பாய். இருக்கட்டும், நீ தள்ளியே நில்.

போன வருஷம் அமெரிக்காவில், ஒஹாயோவின் பவுலிங் கிரீனில் நடந்த இழுவைப் போட்டியில் உன் ஷாஃப்ட் போட்ட வண்டி 300 அடியும் முழுசாக இழுத்தபோது நீ அனுப்பிய படத்தை நான் காட்டாத ஆள் நம்ம கணபதி ஏரியாவில் இல்லை. 1967-லிருந்து நடக்கிற போட்டி, அதில் என் மகள் வெட்டிய ஸ்ப்லைன் என்று டீக்கடையில்கூடச் சொன்னேன். அன்றைக்கு இங்கே நடுராத்திரி என்றுகூடப் பார்க்காமல் கூப்பிடத் தெரிந்தது உனக்கு. இப்போது "பிஸிப்பா" என்று ஒரு வரி, அதுவும் அம்மா மூன்று தடவை கேட்ட பிறகு. ஜெயித்தால்தான் அப்பாவிடம் பேச வேண்டுமா? என் பட்டறையிலிருந்து போன ஜாப் திரும்பி வந்ததே இல்லையா? நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, திரும்பி வந்த ஷாஃப்ட்டை என்னோடு உட்கார்ந்து அளந்திருக்கிறாயே.

அங்கே யாராவது உன்னைக் குறை சொல்கிறார்களா? சொன்னால் டிராயிங்கையும் ஹார்ட்னஸ் ரிப்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வை. வாயால் பதில் சொல்லாதே. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகவில்லையே? பக்கத்தில் நின்றவர்களுக்கு? லேத்தில் கையுறை போட்டு நிற்காதே, முடியை இறுக்கக் கட்டு. வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. அதற்குள் உடைந்த துண்டைப் படம் எடுத்து அனுப்பு. மேஜையில் வைத்து எடுக்காதே. நீயே கையில் பிடித்துக்கொண்டு, உன் முகமும் தெரிகிற மாதிரி யாரையாவது எடுக்கச் சொல்.

அப்பா