எந்த வண்டி?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்த நேரம் குறுவை அறுப்பு. அதனால்தான் பதில் தாமதம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஒருவழியாகப் போட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; உன்னை விசாரித்தார்கள்.

உதவித்தொகை விதிகளை ஊருக்கெல்லாம் சொன்னால் அவனவன் டிவியை ஒளித்துவைத்துவிட்டு வந்து நிற்பான், கொஞ்சம் மூடிவைப்பதே நல்லது என்று எழுதியிருந்தாய். உத்தியோகம் பார்த்தவன் பேச்சு! உன்னோடு சண்டை போட்டு ரொம்ப நாளாயிற்று, விடமாட்டேன்.

உன் கட்சிக்கு ஆதரவான கதையையே எடுத்துக்கொள்வோம். கொலம்பியாவில் ஏழைக் குடும்பங்களை அடையாளம் காண சிஸ்பென் என்று ஒரு ஏற்பாடு. வீடு, படிப்பு, வேலை எல்லாவற்றையும் கேட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். அப்போது நகரங்களில் 47க்குக் கீழே இருந்தால் ஏழை என்று கணக்கு. 1990களின் பிற்பாதியில் கணக்குப் போடும் சூத்திரம் வெளியே போனது. அப்புறம் பார்த்தால் 47க்குச் சற்றுக் கீழே குடும்பங்கள் கும்பலாக வந்து நிற்கின்றன. பார்த்தாயா என்பாய். ஆனால் சூத்திரம் யார் கைக்குப் போனது? நகராட்சிகளில் இருந்தவர்கள் கைக்கு. தேர்தல் போட்டி கடுமையாக இருந்த ஊர்களில் இந்தத் தில்லுமுல்லு இன்னும் அதிகம். பாதி மூடிய கதவு என்றால் வாசல் பக்கம் நிற்பவனுக்குத்தான் லாபம்.

டிவி விஷயத்துக்கும் பதில் இருக்கிறது. இந்தோனேசியாவில் ஏழைகளைக் கண்டறிய எடுத்த 2015 கணக்கெடுப்பில், சில மாகாணங்களில் மட்டும் தட்டைத்திரை டிவி உண்டா என்று கூடுதலாகக் கேட்டுப் பார்த்தார்கள். உண்டு என்று சொன்னவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள், அவ்வளவுதான். அதற்காக யாரும் டிவி வாங்காமல் இருந்துவிடவில்லை. அதே நாட்டில் மானிய அரிசிக்கு 'உனக்கு இவ்வளவு உண்டு' என்று வீட்டுக்கு அட்டை அனுப்பியபோது, ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்த மானியம் 26 சதவீதம் கூடியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். மகளிர் உரிமைத் தொகையின் விதிகள் எல்லாருக்கும் தெரியும்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட், இவற்றைத் தாண்டக் கூடாது, கார், டிராக்டர் இருக்கக் கூடாது. மறுக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்தார்கள். அது நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் விதி தெரிந்தால் மட்டும் போதுமா? எதிர்வீட்டு அண்ணி இப்படி ஒரு உதவித்தொகைக்கு மனுக் கொடுத்து, நான்கு சக்கர வாகனம் இருப்பதாகக் காரணம் சொல்லி மறுத்து போனில் மெசேஜ் வந்தது. போனை என் கையில் கொடுத்துவிட்டு, "இந்த வீட்டில் சைக்கிளைத் தவிர உருளுகிற சாமான் ஏதாவது இருக்கா தம்பி, நீயே சொல்லு" என்கிறார். எந்த வண்டி என்று அதில் இல்லை. ஒரு வாரம் வீட்டில் ஒரே ரகளை. அப்புறம் அண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: மன்னார்குடிப் பக்கத்து ஆளிடம் எப்போதோ விற்ற பழைய டிராக்டர். முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவே இல்லை. வண்டி எண் அந்த மெசேஜில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது பெயர் மாற்ற அந்த ஆளைத் தேடி அலைகிறார்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. நம் நெல்லை நம் கண்ணெதிரே மீட்டரில் போட்டு 19 என்று காட்டினால் எரிச்சல் வரும், ஆனால் களத்தில் கொட்டி இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும் என்று புரியும். உதவித்தொகையில் அந்த மீட்டரைத்தான் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

விதி தெளிவாக இருப்பதால் அது நியாயமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பி.எம். கிசான் 6000 ரூபாய் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்களுக்குக் கிடையாது. ஆனால் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்பது டீக்கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

நவம்பர் 1 கிராம சபையில் பேசலாம் என்றிருக்கிறேன். பயனாளிகள் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது 2005 தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்ததற்கான காரணத்தை ஊர் நடுவில் ஒட்டச் சொல்ல மாட்டேன், குடும்ப விவகாரம் சந்தி சிரிக்கும். அந்தந்த வீட்டுக்கு, எந்தப் பதிவேட்டில் என்ன இருந்தது என்று எழுத்தில் கொடுத்தால் போதும். தீர்மானத்தை நீதான் எழுதித் தர வேண்டும், அரசாங்கத் தமிழ் உனக்குத்தான் வரும். அரைப் பக்கத்துக்கு மேல் போகாதே, வாசிக்கப் போகிறவன் நான்.

அன்புடன்,
நீடாமங்கலத்தான்