பயிற்சி விமானத்துக்கும் நிழல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து, போக்குவரத்துக் காவலர்களுக்கு மோர் கொடுப்பது, கட்டடத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை மாற்றுவது என்று உங்கள் நாளிதழில் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. நல்ல காரியம்தான். இதே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம். விமானி உரிமத்துக்காகச் சின்னஞ்சிறு பயிற்சி விமானங்களில் 200 மணி நேரம் பறந்த கணக்கைச் சேர்க்கப் படாதபாடு படும் பிள்ளைகளைச் சொல்கிறேன். விமானம் என்றாலே ஏசி இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். செஸ்னா 152, 172 ரகப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் ஏசி கிடையாது. அவற்றைப் பழுதுபார்த்தே தலை நரைத்தவன் நான்.

'லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறார்களே, ஒரு ஏசி வைக்கக் கூடாதா?' என்று பெற்றோர் கேட்பதுண்டு. செஸ்னா 152 கிளம்பும்போது மொத்த எடை 757 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானமே ஏறக்குறைய 500 கிலோ. மாணவர், பயிற்றுநர், பெட்ரோல் எல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். ஏசி வைத்தால் அந்த எடைக்குப் பெட்ரோலைக் குறைக்க வேண்டியதுதான். எஞ்சினுக்கோ 110 குதிரைத்திறன்தான். கோடையில் காற்றின் அடர்த்தி குறைவதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 அடி உயரத்தில் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் அங்கிருந்து கிளம்பும் விமானத்துக்கு அதே இடம் 4000 அடிக்கு மேல், அதாவது ஏற்காட்டு மலைப்பாதையில் முக்கால்வாசி ஏறிய உயரத்தில் இருப்பதாகவே கணக்கு. ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடும், மெதுவாகத்தான் மேலேறும். பைப்பர் நிறுவனம் 1970-களில் தன் சிறிய விமானங்கள் சிலவற்றில் ஏசி பொருத்திக் கொடுத்தது. அதிலும் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும்.

மேலே போய்விட்டால் தொல்லை குறைவு. ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி வீதம் வெப்பம் இறங்கும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ள காற்றுக் குழாயை இழுத்துவிட்டால் முகத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். கொடுமையெல்லாம் தரையில்தான். காலையிலிருந்து வெட்டவெளியில் நின்ற விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் பெல்ட்டின் உலோகக் கொக்கி விரலைச் சுடும். வரைபடம் வைத்திருக்கும் டேப்லெட், சூடு தாங்காமல் எச்சரிக்கை காட்டிவிட்டு அணைந்துபோகும். புதிய 172-களில் இன்னொரு வம்பு. ஒருமுறை பறந்து வந்து நிறுத்திய சூட்டில், எஞ்சின் மேலுள்ள மெல்லிய குழாய்களில் பெட்ரோல் ஆவியாகிவிடும். எஞ்சின் லேசில் பிடிக்காது. மாணவர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பார், வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருவழியாகக் கிளம்பி ஓடுபாதை விளிம்புக்கு வந்தால், பயணிகள் விமானம் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். பிறகு ஆயிரம் அடி ஏறி ஒரு சுற்று வந்து இறங்கும் பயிற்சி. இரண்டு டிகிரிகூடக் குளிர்வதற்குள் மறுபடி தரை. இந்தச் சுற்றுப் பயிற்சியை நடுப்பகலில் வைக்கும் பள்ளிகளை என்னவென்று சொல்வது? விடியற்காலையில் முடித்துவிட்டு, பகலில் வகுப்பு நடத்தலாமே.

பொறியாளர் என்ற முறையில் எனக்குப் பெரிதாகப்படும் விஷயம் வேறு. இந்த விமானங்களில் குளிர்காலத்துக்காக ஹீட்டர் உண்டு. எஞ்சின் புகை வெளியேறும் மஃப்ளரைச் சுற்றிய தகட்டு உறையிலிருந்து சூடான காற்றை எடுத்துக் கேபினுக்குள் விடும் ஏற்பாடு அது. நம் ஊரில் அதை யாரும் தொடுவதில்லை; தொடாததாலேயே அதன் கேபிள் இறுகிவிடும், அல்லது தளர்ந்துவிடும். குமிழை உள்ளே தள்ளி ஹீட்டரை அணைத்திருந்தாலும் எஞ்சின் பக்கத் தடுப்பில் இருக்கும் மூடி விரற்கடை திறந்தே கிடக்கும். மே மாதத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு பறப்பதுதான் இது. 'வெயில் சார், அப்படித்தான் இருக்கும்' என்பார்கள். எஞ்சின் ஓடும்போது பாதத்தருகே உள்ள துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். மஃப்ளரில் விரிசலும் இருந்தால் அதே வழியாகக் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலியும் மயக்கமும்தான் அடையாளம். வெயில் மயக்கத்துக்கும் அதே அடையாளம் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் விமானங்கள் வெயிலில் காய்ந்தன. விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்குள் முதலாளியின் கார் நின்றது. ஹேங்கர் கட்டப் பணமில்லை என்றால் நான்கு தூணும் தகரக் கூரையும் போதும். அதுவும் இல்லையா, கண்ணாடிகளுக்கு வெளிப்பக்கமாக வெள்ளை உறை போடுங்கள். உள்பக்கம் தகதகவென்று ஒரு திரையை மாட்டுகிறார்கள். வெயில் உள்ளே வந்த பிறகு தடுத்து என்ன பயன்? உறை போடுமுன் தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கண்ணாடி அக்ரிலிக் பிளாஸ்டிக், தூசியோடு தேய்த்தால் கீறல் விழும்.

ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது சேலத்தின் வறண்ட வெயிலுக்குக் கைகொடுக்கும். எங்கள் மீனம்பாக்கத்துப் புழுக்கத்தில் பிசுபிசுப்புதான் மிச்சம். சில பையன்கள் உலர் பனிக்கட்டியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக யோசனை கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அவ்வளவு சின்ன கேபினில் மூச்சு முட்டவைக்கும். சாதாரண ஐஸ் போதும். அதையும் கட்டி வைத்து, எடைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விமானத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் ஏறும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். வறண்ட உடம்போடு ஓட்டுபவருக்குக் கவனம் சிதறும். ஓய்வறை எங்கோ கட்டடத்தின் மறுகோடியில் இருந்தால் அந்தப் பெண்கள் வேறு என்ன செய்வார்கள்? விமான நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று கட்டிக்கொடுக்க வேண்டும்.

பள்ளிகளைச் சோதனையிடப் போகும் அதிகாரிகள் ஒருமுறை மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய், மூடிய விமானத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். போகும்போது, மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கும் பாலியஸ்டர் சீருடையையும் கழுத்து டையையும் தாங்களும் அணிந்துகொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
பல்லாவரம்.