கிண்டி ஸ்டேஷனில் கூட இருந்த அக்காவுக்கு நன்றி

தாம்பரம் ரயிலில் சைதாப்பேட்டை தாண்டியதும் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, உயிரே போகப்போகிறது என்று நடுங்கிய என்னைக் கிண்டியில் கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைத்த பூக்கூடை அக்கா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கேஸ் என்றார், இன்னொருவர் சோடா வாங்க ஓடினார் (நல்ல மனசுதான்). நீங்கள் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "இழுக்காதம்மா, மெதுவா வெளியே விடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரக்கும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். எனக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பதற்றம்; அது பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம்.

ஆனாலும் "நெஞ்சை டாக்டர்கிட்ட காட்டிட்டு வீட்டுக்குப் போ" என்றீர்களே, அதுதான் சரி. முதல்முறை நெஞ்சுவலி வந்தால் பதற்றம்தான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது, ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும். இந்தப் பதற்றம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பயத்தில் ரயில் ஏறுவதையே தவிர்த்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அக்காவைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்: ஈசிஜி நார்மல், மனநல மருத்துவரையும் பார்த்தாச்சு.